சிந்துவெளி நகரங்கள் ஏன் ஓய்ந்தன? இரண்டு பீரியடில் நடத்துவது எப்படி

பிளஸ் ஒன் வரலாறு எடுக்கிற எல்லோருக்கும் இந்த நிலைமை தெரியும். சிந்துவெளிப் பாடத்தில் பெருங்குளம், வடிகால், முத்திரை என்று நேரம் ஓடிவிடும். கடைசிப் பகுதிக்கு வரும்போது மணியடிக்க ஐந்து நிமிடம்தான் இருக்கும். வெள்ளம், வறட்சி, ஆறு தடம் மாறியது, காடழிப்பு, படையெடுப்பு என்று கரும்பலகையில் வரிசையாக எழுதிப்போட்டு, "இதுல ஒரு கேள்வி வரும், படிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். பிள்ளைகளும் ஐந்தையும் மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். ஆனால் அந்த ஐந்தில் ஒன்று சான்றுக்கு நிற்கவே நிற்காது, இன்னொன்று சில ஆயிரம் ஆண்டு முன்பே நடந்து முடிந்தது என்பது யாருக்கும் தெரியாமலே போகும்.

நான் காவிரி டெல்டாவில் ஓர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். என் வகுப்பில் இந்தப் பகுதிக்கு முழுதாக இரண்டு பீரியட் ஒதுக்குகிறேன். எப்படி நடத்துகிறேன் என்பதை அப்படியே எழுதுகிறேன். உங்கள் வகுப்புக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் காலப் பட்டை

பழைய தினசரிக் காலண்டரின் பின்பக்க அட்டையோ சார்ட் பேப்பரோ, எதுவானாலும் சரி. நீளவாக்கில் ஒட்டி 280 சென்டிமீட்டருக்கு ஒரு பட்டை தயார் செய்யுங்கள். ஒரு சென்டிமீட்டர் பத்து ஆண்டு. இடது முனையில் பொ.ஆ.மு. (அதாவது கி.மு.) 3300, வலது முனையில் பொ.ஆ.மு. 500. டெய்லர் டேப் ஒன்று கையில் இருக்கட்டும், அதை மாணவிகளிடமே கொடுத்து அளக்கச் சொல்ல வேண்டும்.

பட்டையில் 3300 முதல் 2600 வரை ஒரு நிறம்: இது முந்தைய ஹரப்பா கட்டம். 2600 முதல் 1900 வரை பளிச்சென்று ஒரு நிறம்: நகரங்கள் செழித்த காலம், 70 சென்டிமீட்டர். 1900 முதல் 1300 வரை மூன்றாவது நிறம்: பிந்தைய ஹரப்பா. இந்த மூன்றாவது நிறத்தை ஒட்டிய உடனே யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "அப்போ 1900லயே எல்லாம் அழியலையா டீச்சர்?" அந்தக் கேள்வி வரும் வரைக்கும் காத்திருங்கள், நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள்.

அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால், எது நின்றுபோனது என்பதைப் பலகையில் எழுத வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் காரணத்துக்குப் போனால் எல்லாம் குழம்பும். எழுத்துப் பொறித்த முத்திரைகள் நின்றுபோயின. 13.6 கிராமை ஒட்டிய அலகில் ஊருக்கு ஊர் ஒத்துப்போன கல் எடைகள் நின்றுபோயின. தொலைதூர வணிகம் சுருங்கியது. மொகஞ்சதாரோவில் பெரிய வீடுகளை உள்ளே சுவர் வைத்துத் தடுத்துச் சிறு சிறு அறைகளாக்கினார்கள், வடிகால்களைக் கவனிக்க ஆளில்லை, முன்பு ஊருக்கு வெளியே இருந்திருக்க வேண்டிய சூளைகள் தெருவுக்குள்ளேயே வந்துவிட்டன. பிறகு ஊரே காலியானது.

அப்புறம் எது நிற்கவில்லை என்பதையும் எழுதுங்கள். ஹரப்பாவில் 1900க்குப் பிறகும் மக்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள். சுமார் 1700ஐச் சேர்ந்த கண்ணாடி மணி அங்கே கிடைத்திருக்கிறது. அதாவது, புதுத் தொழில்நுட்பம் ஒன்று அந்தச் 'சரிவு' காலத்திலேயே பிறந்திருக்கிறது. பானை செய்யும் முறை மாறி, 'கல்லறை எச்' என்று அழைக்கப்படும் பாணி வந்தது. இறந்தவர்களை அடக்கம் செய்யும் முறையும் மாறியது. கிழக்கே ஹரியானாவிலும் மேற்கு உத்தரப் பிரதேசத்திலும் சிற்றூர்கள் பெருகின. ஆலம்கீர்பூர், ஹுலாஸ் இரண்டும் அந்த வரிசையில் வருபவை. நகரம் நின்றது, ஆட்கள் நிற்கவில்லை. இந்த வித்தியாசம் பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிட்டால் முதல் பீரியடின் பாதி வேலை முடிந்தது.

மூன்று கேள்விகள்

பலகையின் ஓரத்தில் இவற்றை எழுதி, பாடம் முடியும் வரை அழிக்காமல் விடுங்கள்: காலம் பொருந்துகிறதா? இடம் பொருந்துகிறதா? மண்ணில் தடயம் இருக்கிறதா? சொல்லப்படும் ஒவ்வொரு காரணத்தையும் இந்த மூன்றுக்கும் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

இடத்துக்கு ஒரு வெளிக்கோட்டு வரைபடம் போதும். மொகஞ்சதாரோ, ஹரப்பா, காளிபங்கன், ராகிகரி, தோலாவிரா, லோத்தல் ஆறையும் குறிக்கச் சொல்லுங்கள். மொகஞ்சதாரோவுக்கும் ஹரப்பாவுக்கும் நடுவே நேர்கோட்டில் ஏறக்குறைய 600 கிலோமீட்டர். ஒன்று சிந்துநதிக் கரையில், இன்னொன்று ராவியின் பழைய போக்கில். தோலாவிராவோ கட்ச் பாலைக்கு நடுவில், பருவத்தில் மட்டும் நீர் ஓடும் இரண்டு ஓடைகளை நம்பிக் கட்டப்பட்டது. இத்தனை வேறுபட்ட இடங்களை ஒரே வெள்ளம் மூழ்கடித்திருக்க முடியுமா என்று கேளுங்கள். பதில் அவர்களே சொல்வார்கள்.

படையெடுப்பில் தொடங்குங்கள்

ஆரியர் படையெடுத்து வந்து நகரங்களை அழித்தார்கள் என்ற கருத்து இது. இதற்கு அதிக நேரம் கொடுங்கள், ஏனென்றால் இது ஒன்றுதான் பிள்ளைகள் வீட்டிலிருந்தே கேட்டுக்கொண்டு வரும் கதை. மார்டிமர் வீலர் 1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவரானவர். புதுச்சேரி பக்கத்தில் அரிக்கமேட்டை 1945இல் தோண்டியவரும் அவர்தான் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு ஆள் நெருக்கமாகிவிடுவார். 1946இல் ஹரப்பாவில் தோண்டும்போது பெரிய மதில் ஒன்றைக் கண்டார். மொகஞ்சதாரோவில் அதற்கு முன்பே தெருவிலும் வீட்டுக்குள்ளும் படிக்கட்டு அருகிலும் முறையாக அடக்கம் செய்யப்படாத எலும்புக்கூடுகள், உடைந்தவை உட்பட 37ஐ ஒட்டிய எண்ணிக்கையில், கிடைத்திருந்தன. ரிக்வேதத்தில் இந்திரனுக்குக் கோட்டைகளை உடைப்பவன் என்று பொருள்படும் புரந்தரன் என்ற பெயர் உண்டு. மூன்றையும் சேர்த்து, இந்திரன் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறான் என்று 1947இல் எழுதினார்.

இப்போது டேப்பை எடுக்கச் சொல்லுங்கள். ரிக்வேதத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காலம் பொ.ஆ.மு. 1500 வாக்கில். 1900இலிருந்து அளந்தால் 40 சென்டிமீட்டர், அதாவது 400 ஆண்டு. பிள்ளைகள் முகம் மாறும் இடம் இது.

அடுத்து எலும்புக்கூடுகள். இதை அவசரப்படாமல் சொல்லுங்கள், தடயம் பார்ப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 1964இல் ஜார்ஜ் டேல்ஸ் என்ற தொல்லியலாளர் பழைய அகழாய்வுக் குறிப்புகளை மறுபடி எடுத்து ஒவ்வோர் எலும்புக்கூடும் எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று பார்த்தார். எல்லாம் ஒரே அடுக்கில் இல்லை. சில, வீடுகள் இடிந்து பாழான பிறகு அங்கே போடப்பட்டவை. எதிரி புகுந்தால் முதலில் காவல் நிற்க வேண்டிய மேட்டுக்கோட்டைப் பகுதியில் ஒரு உடல்கூட இல்லை, எல்லாம் கீழ் நகரத்துக் குடியிருப்பில் கிடந்தன. எரிந்த அடுக்கு இல்லை, குவிந்து கிடக்கும் ஆயுதங்கள் இல்லை. பிறகு கென்னத் கென்னடி என்ற உடற்கூற்று மானிடவியலாளர் எலும்புகளையே பரிசோதித்தார். வெட்டுக்காயத் தடயம் மிகச் சிலவற்றில்தான் இருந்தது. ஒரு மண்டையோட்டில் இருந்த வெட்டு, சாவதற்கு முன்பே ஆறத் தொடங்கியிருந்தது. வீலரே பின்னாளில் வெள்ளம், சூழல் சிதைவு போன்றவற்றுக்கும் இடம் கொடுத்து எழுதினார்.

இந்த இடத்தில் "அப்போ ஆரியர் வரவே இல்லையா?" என்ற கேள்வி வரும். வீட்டில் இரண்டு பக்கமும் கேட்டிருப்பார்கள், தட்டிக்கழிக்க வேண்டாம். ராகிகரியில் கிடைத்த ஒரு பெண்ணின் மரபணுவை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். அதில் மத்திய ஆசியப் புல்வெளி மக்களின் கலப்பு இல்லை. அதே ஆண்டு வந்த இன்னொரு பெரிய ஆய்வு, அந்தக் கலப்பு தெற்காசியாவுக்குள் பொ.ஆ.மு. 2000க்கும் 1500க்கும் இடையில் வந்து சேர்ந்ததாகக் காட்டுகிறது. ஆட்கள் வந்தார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது, வந்தவர்கள் நகரங்களை எரித்து அழித்தார்கள் என்பதற்குச் சான்று இல்லை. இரண்டையும் தனித்தனியாக எழுதிப் போடுங்கள்.

வெள்ளமும் ஆறும்

வெள்ளத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். மொகஞ்சதாரோவில் வண்டல் படிந்த அடுக்குகள் உண்மையாகவே இருக்கின்றன, ஊரை மறுபடி மறுபடி மேடாக்கிக் கட்டியிருக்கிறார்கள். நில அசைவால் கீழ்ப்போக்கில் ஆறு அணைபோல் தடைபட்டு ஊர் மூழ்கியது என்று ராபர்ட் ரைக்ஸ் என்ற நீரியலாளர் 1960களில் சொன்னார். அப்படியில்லை, ஆறு ஊரைவிட்டு விலகிப் போனதுதான் சிக்கல் என்று சிந்து வரலாற்றை ஆராய்ந்த லாம்ப்ரிக் மறுத்தார். யார் சொன்னது சரியாக இருந்தாலும் அது மொகஞ்சதாரோவுக்கு மட்டும்தான் பதில். 'இடம் பொருந்துகிறதா?' என்ற இரண்டாவது கேள்வியில் தோற்றுவிடுகிறது.

கக்கர்-ஹக்ரா ஆற்றுக்கு வாருங்கள். ராஜஸ்தானின் காளிபங்கன் இதன் கரையில் இருக்கிறது. பாகிஸ்தான் பக்கம் சோலிஸ்தான் பாலையில் தொல்லியலாளர் ரஃபீக் முகல் நடத்திய கள ஆய்வில் நகரக் காலத்து ஊர்கள் 174 என்றும் பிந்தைய காலத்து ஊர்கள் 50 என்றும் கணக்கு வந்தது. அப்படியானால் அங்கே தண்ணீருக்கு என்னவோ ஆகியிருக்கிறது. சட்லெஜ் நதி இந்தப் பாதையை விட்டுத் தடம் மாறியதால்தான் ஆறு வற்றியது என்று நம் கையேடுகளில் இருக்கும். 2017இல் வந்த மண் ஆய்வு, சட்லெஜ் இந்தப் பாதையை விட்டு விலகியது இன்றைக்கு ஏறக்குறைய 8000 ஆண்டுகளுக்கு முன்பே என்று காட்டியது.

அதைப் பட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். பட்டையே 3300இல்தான் தொடங்குகிறது. அதற்கு இடப்பக்கம் இன்னும் இரண்டரை மீட்டருக்கு மேல் போக வேண்டும். என் வகுப்பில் டேப்பைப் பிடித்த பெண் கதவைத் தாண்டி வராந்தாவுக்கே போய்விட்டாள், அங்கிருந்து சாக்பீஸால் தரையில் கோடு போட்டாள். நகரங்களைக் கட்டியவர்கள் அந்தப் பழைய பெருநதியின் கரையில் வாழவில்லை. அது விட்டுப்போன பள்ளத்தில் மழைக்காலத்தில் ஓடிய, வெள்ளத்தால் அச்சுறுத்தாத சிறு ஆற்றின் கரையில் வாழ்ந்தார்கள். ஆக, மழை குறைந்தால் அந்த ஆறு தாங்காது. இங்கே முதல் பீரியடை நிறுத்துங்கள். "சரி, மழை குறைஞ்சுதான்னு எப்படித் தெரியும்?" என்ற கேள்வியை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புங்கள்.

இரண்டாம் பீரியட்: மழைக்கு யார் சாட்சி

இந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. எழுத்தில் எந்தக் குறிப்பும் இல்லாத மழையை நத்தை ஓடும் குகைக் கல்லும் சொல்கின்றன.

ஹரியானாவில் கோட்லா தஹர் என்று ஒரு பழைய ஏரி. அதன் அடிமண்ணில் நத்தை ஓடுகள் வருடக்கணக்கில் படிந்திருக்கின்றன. ஏரி நீர் அதிகமாக ஆவியானால் லேசான ஆக்ஸிஜன் முதலில் போய்விடும், கனமான ஆக்ஸிஜன் நீரில் தங்கும், நத்தை அதை வைத்தே ஓடு கட்டும். 2014இல் வந்த ஆய்வு, ஏறக்குறைய 4100 ஆண்டுகளுக்கு முன் அந்த ஓடுகளில் கனமான ஆக்ஸிஜன் திடீரென்று கூடியதைக் காட்டியது. பருவமழை தளர்ந்திருக்கிறது.

இன்னொரு சாட்சி உத்தராகண்டின் பித்தோராகர் மாவட்டத்தில் தரம்ஜாலி குகை. மேலிருந்து சொட்டும் நீரால் தரையில் வளர்ந்த கல், அடுக்கடுக்காக. ஒவ்வோர் அடுக்குக்கும் காலம் கணக்கிட்டு மழையின் ஏற்ற இறக்கத்தைப் படித்து 2023இல் வெளியிட்டார்கள். இன்றைக்கு ஏறக்குறைய 4200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 3970 வரை வறண்ட காலம். அதற்குள் மூன்று நீண்ட வறட்சிகள், ஒவ்வொன்றும் 25 முதல் 90 ஆண்டு வரை. கோடை மழை மட்டுமல்ல, குளிர்கால மழையும் பொய்த்திருக்கிறது. கோதுமையும் பார்லியும் குளிர்கால மழையை நம்பிய பயிர்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒரு நுணுக்கம் கட்டாயம் கற்றுக்கொடுக்க வேண்டும். அறிவியல் கட்டுரைகளில் 'இன்றைக்கு முன்' என்றால் பொதுவாக 1950ஆம் ஆண்டிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். 4200இல் 1950ஐக் கழித்தால் பொ.ஆ.மு. 2250. கணக்கை மாணவிகளே போடட்டும், பட்டையில் குறிக்கட்டும். வறட்சி தொடங்கிய புள்ளிக்கும் 1900க்கும் நடுவே 35 சென்டிமீட்டர் வருகிறது.

இந்த 35 சென்டிமீட்டரைத் தாண்டிப் போய்விடாதீர்கள். "காலநிலை மாற்றத்தால் அழிந்தது" என்று ஒரே வரியில் எழுதும் பழக்கம் இப்போது புதிதாக வந்திருக்கிறது. பழைய படையெடுப்புக் கதைக்குப் பதில் இன்னொரு கதை. வறட்சி வந்த உடனே நகரங்கள் விழவில்லை, பல தலைமுறை தாக்குப்பிடித்திருக்கின்றன. எப்படி என்று கேளுங்கள். என் பிள்ளைகளில் பாதிப் பேர் கடைமடைக்காரர்கள். ஜூன் 12இல் மேட்டூர் திறக்கவில்லை என்றால் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். குறுவையை விட்டுவிடுவார்கள், கொஞ்சம் தண்ணீரில் வருகிற பயிருக்கு மாறுவார்கள், யாராவது ஒருவர் வெளியூர் வேலைக்குப் போவார். சிந்துவெளியிலும் பல இடங்களில் சிறுதானியத்தின் பங்கு கூடியதையும், மழைப்பருவப் பயிர்கள் பெருகியதையும் தானிய எச்சங்கள் காட்டுகின்றன. மழை ஓரளவு நம்பகமாக இருந்த கிழக்குப் பக்கம் ஆட்கள் நகர்ந்தார்கள்.

ஆனால் சிறுதானியம் விளைவிக்கும் சிற்றூர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும், மொகஞ்சதாரோவைக் காப்பாற்றாது. முத்திரை வெட்டுகிறவருக்கும் மணி துளைக்கிறவருக்கும் வடிகால் சுத்தம் செய்கிறவருக்கும் யாரோ விளைத்த மிச்சம் வந்துகொண்டே இருக்க வேண்டும். மிச்சம் குறைந்தால் முதலில் அடிவாங்குவது நகரம்தான். இந்த வாக்கியத்தை மட்டும் நான் நோட்டில் எழுதச் சொல்வேன்.

வணிகமும் நோயும்

மெசபடோமியாவின் (இன்றைய இராக்) அக்காத் மன்னன் சர்கோன், மெலுஹாவின் கப்பல்கள் தன் துறையில் வந்து நின்றதாகப் பெருமையாகப் பொறித்து வைத்தான். மெலுஹா என்பது சிந்துவெளிதான் என்பது பெரும்பாலான அறிஞர்கள் கருத்து. சிந்துவெளி எடைக்கற்கள் பஹ்ரைன் தீவு வரை கிடைத்திருக்கின்றன. அந்தப் பக்கமும் அதே வறண்ட காலத்தில் அக்காத் சரிந்தது. பின்னால் அங்கே 'ஊர்' (Ur) என்ற பெயருள்ள நகரில் எழுந்த அரசும் பொ.ஆ.மு. 2000 வாக்கில் வீழ்ந்தது. வாங்குகிறவர் இல்லாமல் போனால் மணி செய்யும் ஊருக்கு என்ன வேலை? லோத்தல், தோலாவிரா மாதிரி கடல் வணிகத்தோடு தொடர்புள்ள ஊர்களுக்கு இந்தக் காரணம் கனமாகப் பொருந்தும், ராகிகரிக்கு அந்த அளவு பொருந்தாது.

நோயைப் பற்றி ஒரு குறிப்பு போதும். ஹரப்பாவின் பிற்கால எலும்புகளில் தொழுநோய், காசநோய் போன்ற தொற்றுகளின் தடயமும், தலையில் அடிபட்ட தடயமும் முந்தைய காலத்தைவிடக் கூடியிருப்பதாக 2010களில் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. நெருக்கடியும் சச்சரவும் ஊருக்குள்ளேயே வளர்ந்திருக்கின்றன என்று படிக்கலாம்.

தோலாவிராவை மட்டும் ஒரு தனிப் படமாகக் காட்டுங்கள். பாறையைக் குடைந்தும் கல் அடுக்கியும் கட்டிய பெரிய நீர்த்தேக்கங்கள் உள்ள ஊர், 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் வந்தது. நகரம் கைவிடப்பட்ட பிறகு சில காலம் கழித்து மக்கள் திரும்பி வந்திருக்கிறார்கள். ஆனால் திட்டமிட்ட தெருவும் செவ்வக வீடும் இல்லை, வட்டக் குடிசைகளில் வாழ்ந்திருக்கிறார்கள். தேவைக்கு மேல் எதுவும் கட்டவில்லை.

"அவங்கதான் நம்ம ஊருக்கு வந்தாங்களா?"

இந்தக் கேள்வி வராத வகுப்பே கிடையாது, வரவும் வேண்டும். சிந்துவெளி மக்கள் பேசியது திராவிட மொழி என்ற கருத்தை, அவர்களுடைய எழுத்தை ஆராய்ந்த ஐராவதம் மகாதேவனும் அஸ்கோ பர்போலாவும் பல பத்தாண்டுகள் உழைத்து முன்வைத்தவர்கள். இன்னும் படிக்கப்படாத அந்த எழுத்தைப் படித்துக் காட்டுகிறவர்களுக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. இதையெல்லாம் பெருமையோடு சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் பட்டையில் கீழடியின் பொ.ஆ.மு. ஆறாம் நூற்றாண்டைக் குறியுங்கள். 1900இலிருந்து 130 சென்டிமீட்டர் தூரம். வரைபடத்தில் தெற்கே பிந்தைய ஹரப்பாத் தடயம் எட்டுவது மகாராஷ்டிரத்தின் தைமாபாத் வரை. மொழி உறவு ஒரு கேள்வி, ஆட்கள் நடந்து வந்தார்களா என்பது இன்னொரு கேள்வி, நகரம் ஏன் நின்றது என்பது மூன்றாவது. எழுத்து படிக்கப்படும் வரை முதல் கேள்விக்கு முடிவான பதில் கிடையாது என்று சொன்னால் பிள்ளைகள் ஏமாறுவதில்லை, நாமே படிக்கலாமா என்றுதான் கேட்கிறார்கள்.

இதையும் சொல்லிவிடுங்கள்: சரிவைப் பற்றிய சான்று மேலடுக்கில்தான் இருக்கும். ஹரப்பாவின் மேலடுக்குச் செங்கற்களை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லாகூர்-முல்தான் ரயில் பாதைக்கு அடியில் கொட்ட எடுத்துப் போனார்கள். ஏறக்குறைய 100 மைல் பாதைக்கு அந்தச் செங்கல் போனதாகத் தொல்லியலாளர் அலெக்சாண்டர் கன்னிங்காம் குறித்து வைத்திருக்கிறார். கடைசித் தலைமுறைகள் வாழ்ந்த வீடுகள் அதில் எத்தனை போயினவோ. எனக்கு இதை ஒவ்வொரு வருஷமும் சொல்லும்போது வயிறு எரியும்.

தேர்வுக்கு எப்படி எழுத வைப்பது

கடைசிப் பத்து நிமிடம். காரணங்களைப் பட்டியலாக எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். முதல் வரியில் எது, எப்போது நின்றது: பொ.ஆ.மு. 1900 வாக்கில் நகர வாழ்வு, எழுத்து, எடை. இரண்டாவது வரியில் மழை தளர்ந்ததும் அதன் சாட்சியும். மூன்றாவதில் கக்கர்-ஹக்ரா ஊர்கள் குறைந்ததும் கிழக்கே ஊர்கள் கூடியதும். நான்காவதில் மேற்காசிய வணிகம் சுருங்கியது. ஐந்தாவதில் படையெடுப்புக் கருத்தை வீலர் பெயரோடு எழுதி, அது ஏன் ஏற்கப்படவில்லை என்று ஒரு வாக்கியம். கையேட்டில் இருக்கும் சொற்கள் பெரும்பாலும் இதில் வந்துவிடுவதால் திருத்துகிறவர் மதிப்பெண் குறைக்க வழியில்லை.

நான் திருத்தும்போது ஆண்டு குறிப்பிட்ட காரணத்துக்கும், ஊர் பெயர் சொன்ன காரணத்துக்கும் கூடுதலாக மதிப்பெண் போடுகிறேன். இதை முன்கூட்டியே வகுப்பில் சொல்லிவிடுவேன். காலப் பட்டையைச் சுவரிலிருந்து எடுத்துவிடாதீர்கள், அடுத்த பாடம் வேதகாலம், 1500இலிருந்து மீண்டும் டேப் பிடிக்க வேண்டியிருக்கும்.